ஸ்பீட்ஸ்டர் தோற்றம், பீட்டில் அடித்தளம்: வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 36, கணக்காளர். சிறு வயதிலிருந்தே பழைய ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை. கடற்கரை ஊரான அமான்சிம்டோட்டியில் வெள்ளி நிற போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல் ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. பதிவுப் பத்திரத்தில் 1973 வோக்ஸ்வாகன் என்று போட்டிருக்கிறது. வீட்டு கராஜில் அதைக் கட்டியவர் சென்ற ஆண்டு காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். 3 லட்சத்து 20 ஆயிரம் ராண்ட் கேட்கிறார். என்ஜினை இப்போதுதான் பிரித்துக் கட்டியதாகவும், சாலையில் ஓட்டத் தகுதியானது என்ற ரோட்வொர்த்தி சான்றிதழைத் தானே எடுத்துத் தருவதாகவும் சொல்கிறார். பெயின்ட் கண்ணாடி போல் இருக்கிறது. தீபாவளிக்கு முன் வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. "இந்தப் பணத்துக்கு நல்ல புதுக் காரே வருமே" என்கிறார் மாமா. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள தம்பி, முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் காரைப் பற்றிய செய்தி என்று பார்த்தால் பெயின்ட் ஒன்றுதான். இந்த வகைக் காரில் நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான்.

அசல் ஸ்பீட்ஸ்டர் 1954-இல் வந்தது. அமெரிக்காவில் போர்ஷே கார்களை இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன், விலை குறைந்த திறந்த கார் ஒன்று வேண்டும் என்று கேட்டதால் பிறந்த கார் அது. நான்காயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். அதன் பாடி இரும்புத் தகடு. நீங்கள் பார்த்தது கண்ணாடி இழை பாடி. அடியில் இருப்பது வோக்ஸ்வாகன் பீட்டிலின் தரைத்தகடு, பீட்டிலின் என்ஜின், பீட்டிலின் பிரேக். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அசல் 356-உம் வோக்ஸ்வாகன் வழியில் வந்ததுதானே. பீட்டிலை 1951 முதல் 1979 வரை நம் தென்னாப்பிரிக்காவிலேயே, அன்று உய்டன்ஹாக் என்று அழைக்கப்பட்ட ஊரில் கட்டினார்கள். அதனால் உதிரிப் பாகமும் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். கண்ணாடி இழை பாடியும் இங்கே புதிதல்ல. 1958-இலேயே கேப்டவுனில் ஜி.எஸ்.எம். டார்ட் என்ற ஸ்போர்ட்ஸ் காரை அப்படித்தான் செய்தார்கள். ஆகவே "நகல்" என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் தொழிற்சாலையில் கட்டிய காருக்கும் கராஜில் கட்டிய காருக்கும் வித்தியாசம் உண்டு. இங்கே தரம் முழுவதும் ஒரே மனிதரின் கைவேலை. அவரிடம் கேட்கவும் இப்போது வழியில்லை. அதனால் காரைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் காகிதம். பதிவுப் பத்திரத்தில் உரிமையாளர் பெயரும் சட்டப்படி சொத்துரிமை உள்ளவர் (டைட்டில் ஹோல்டர்) பெயரும் தனித்தனியாக இருக்கும். கடன் பாக்கி இருந்தால் இரண்டாவது இடத்தில் வங்கியின் பெயர் நிற்கும். அடுத்து, வாகனத்தின் நிலை என்ன என்று போட்டிருக்கிறது? பயன்படுத்தியதா, மறுபடி கட்டியதா, தனியாகக் கட்டப்பட்டதா? பாடியையே கழற்றிப் போட்டு, தரைத்தகட்டை வெட்டிச் சுருக்கிய பிறகும் பத்திரம் சாதாரண "1973 வோக்ஸ்வாகன்" என்றே இருந்தால், மாற்றம் பதிவாகாமலே போயிருக்க வாய்ப்பு உண்டு. பலர் அப்படித்தான் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் பத்திரத்தைக் கேட்கும் நாளில்தான் விழிக்கிறார்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் பதிவு அலுவலகத்தில் பத்திரத்தின் நகலையும் காரின் படங்களையும் காட்டி, இது எந்த நிலையில் பதிவாக வேண்டும், அதற்குக் காவல்துறையின் வாகனச் சரிபார்ப்பு தேவையா என்று கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் "பீட்டில் தரைத்தகட்டின் மேல் கட்டிய கண்ணாடி இழை நகல்" என்று வெளிப்படையாக எழுதி, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு தருவார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சந்தை மதிப்பு என்று போட்டுவிட்டால், இழப்பு வரும்போது அவர்கள் 1973 பீட்டிலின் விலையை மட்டும் எடுத்து வைக்கக்கூடும்.

இன்னொன்று, கணக்காளரான உங்களுக்கு இது உடனே புரியும். கார் இறந்தவருடைய சொத்து. மகன் என்பதற்காக அவர் விற்றுவிட முடியாது. உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் கொடுத்த நியமனக் கடிதம் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தச் சொத்து 2 லட்சத்து 50 ஆயிரம் ராண்டுக்கு மேல் என்றால் அது நிர்வாகி நியமனக் கடிதம். இந்தக் காரின் விலையே அந்த எல்லையைத் தாண்டுகிறது. கடிதத்தைக் கண்ணால் பாருங்கள். "வந்துகொண்டிருக்கிறது" என்றால், வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி எண். பீட்டிலின் சேஸி எண், தரைத்தகட்டின் நடுவே மேடாக நீண்டு ஓடும் சுரங்கத்தின் மேல், பின் இருக்கை இருந்த இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். நகல் காரில் அங்கே கம்பளம் ஒட்டியிருப்பார்கள். அதைத் தூக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன்பக்கம் ஸ்டெப்னிக்குப் பின்னால் இருந்த அடையாளத் தகடு பழைய பாடியோடு போயிருக்கும். ஆகவே தரைத்தகட்டில் மிச்சமிருக்கும் பிறப்பு அடையாளம் இந்த எண் ஒன்றுதான். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா? சுற்றிலும் அரைத்த தடமோ, தனித் துண்டாக வைத்து வெல்டிங் செய்த விளிம்போ தெரிகிறதா? தெரிந்தால் அதோடு கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுங்கள். விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது இந்தக் காரின் உயிர்நிலை. பீட்டிலின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2,400 மில்லிமீட்டர்; ஸ்பீட்ஸ்டருக்கு 2,100. அதாவது உங்கள் காரில் யாரோ தரைத்தகட்டை ஏறக்குறைய ஓர் அடி வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறார். அந்த ஒட்டை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். காரை லிஃப்டில் ஏற்றாமல் இதைப் பார்க்க முடியாது. தரையில் படுத்துக்கொண்டு கைபேசி வெளிச்சத்தில் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. நல்ல வேலை என்றால் வெட்டு விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், அல்லது பின்னால் பலகை போல ஒரு தகடு வைத்திருப்பார்கள். வெல்டிங் கோடு அறுபடாமல் சுரங்கத்தின் மேலும் பக்கங்களிலும் சுற்றி ஓடும். மோசமான வேலையில் இரண்டு விளிம்புகளையும் முட்டவைத்து அங்கங்கே புள்ளி வைத்திருப்பார்கள். கீழே முழுக்கப் பழைய தூசியும் எண்ணெயும் படிந்திருக்க, ஒட்டு இருக்கும் இடத்தில் மட்டும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பளபளத்தால், அதைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

சுரங்கத்துக்குள்தான் கியர் தண்டு, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், பெட்ரோல் குழாய் எல்லாம் போகின்றன. ஓர் அடி வெட்டும்போது இவை ஒவ்வொன்றையும் அளவாகச் சுருக்கியிருக்க வேண்டும். கட்டியவரின் பொறுமை இங்கே தெரிந்துவிடும். கியர் மாற்றும்போது இரண்டாவது எங்கே, நான்காவது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறதா? கிளட்ச் விடும்போது கார் உதறுகிறதா? ஹேண்ட் பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா? இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை, விலையைக் குறைக்கக் காரணமாகும், அவ்வளவுதான். பெட்ரோல் குழாய் மட்டும் வேறு கதை. இரும்புக் குழாயை வெட்டிவிட்டு, சுரங்கத்துக்குள்ளேயே ரப்பர் குழாய் போட்டு கிளிப் மாட்டி மூடியவர்கள் உண்டு. ரப்பர் வெடித்தால் கசிவது உங்கள் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே. கதவுகளையும் கூரைத் துணியையும் ஒரு மணி நேரம் மூடிவைத்துவிட்டு, திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

தரைத்தகடு மட்டும் பலம் தராது. பீட்டிலில் அதன் மேல் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு பாடியும் சேர்ந்துதான் விறைப்பைத் தந்தது. அந்த பாடி போய்விட்டது, கண்ணாடி இழை அந்த வேலையைச் செய்யாது, கூரையும் இல்லை. அதற்குப் பதிலாகச் சுற்றிலும் சதுர இரும்புக் குழாய்ச் சட்டம் இருக்க வேண்டும். இருக்கிறதா, இருந்தாலும் வேலை செய்கிறதா என்று அறிய ஒரு சோதனை செய்யுங்கள். கதவை மூடி, கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடுக்கின் குறுக்கே பெயின்ட்காரர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டுங்கள். அதன் மேல் பென்சிலால் நேராக ஒரு கோடு. பிறகு இடுக்கின் நெடுக டேப்பை பிளேடால் கீறிவிடுங்கள். இப்போது பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து மேலே தூக்குங்கள். கோட்டின் இரண்டு துண்டுகளும் நேராகவே நின்றால் சட்டம் உறுதி. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று விலகினாலோ, அந்த நிலையில் கதவு திறக்கச் சண்டித்தனம் செய்தாலோ, கார் நடுவில் மடிகிறது என்று பொருள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். விற்பவர் வேடிக்கையாகப் பார்ப்பார்; பார்க்கட்டும்.

கார் அமான்சிம்டோட்டியில் நின்றது என்பதால் இன்னொரு கவலை. கடற்காற்று கண்ணாடி இழையை ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கும் சதுரக் குழாயைத்தான் தின்னும், அதுவும் உட்புறத்திலிருந்து. வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும், சின்னச் சுத்தியலால் தட்டினால் சத்தம் செத்திருக்கும். தரைத்தகட்டின் ஓரங்கள், பேட்டரி உட்காரும் இடம், முன் அச்சு போல்ட் ஆகும் தலைப்பகுதி ஆகிய மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பாடியில் கதவுக் கீல்களைச் சுற்றி நட்சத்திரம் போலக் கிளம்பும் மெல்லிய விரிசல்களைத் தேடுங்கள். அவற்றைப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைக்கலாம், ஆனால் கதவு ஆடுகிற வரை திரும்பத் திரும்ப வரும். சீட் பெல்ட் எங்கே பிடித்திருக்கிறது என்பதையும் பாருங்கள். இரும்பில் பிடித்திருக்க வேண்டும். வெறும் கண்ணாடி இழையில் வாஷர் போட்டு இறுக்கியிருந்தால், அந்த பெல்ட்டை நம்பி யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

"என்ஜினை இப்போதுதான் பிரித்துக் கட்டியது" என்ற வாக்கியத்துக்கு ரசீது இருந்தால் மதிப்பு உண்டு. யார் கட்டினார், என்ன உருப்படிகள் மாற்றினார், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? என்ஜினை அணைத்துவிட்டு, கீழேயிருக்கும் பெரிய கப்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். கிராங்க் தண்டுக்கு அனுமதிக்கப்பட்ட முன்பின் ஆட்டம் 0.15 மில்லிமீட்டர், கைக்கு "டக்" என்று தட்டுப்பட்டால் அந்த எல்லை எப்போதோ தாண்டிவிட்டது, ரசீதில் என்ன எழுதியிருந்தாலும்.

என்ஜின் அறைக்குள் கீழிருந்து சூடான காற்றுப் புகாமல் அடைத்திருக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம். இந்த நகல்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான், அதிகம் பேர் கவனிக்காததும் இதுதான். இந்த என்ஜினுக்கு ரேடியேட்டர் இல்லை. மேலிருந்து விசிறி குளிர்ந்த காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் செலுத்தி, சூடானதைக் கீழே தள்ளுகிறது. மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. நடுவில் தகடு, தகட்டைச் சுற்றி ரப்பர். பீட்டிலில் இந்த ரப்பர் பாடியோடு ஒட்டி உட்காரும். கராஜில் கட்டிய நகலில் கண்ணாடி இழை விளிம்பு அங்கே வந்து சேராது. விரல் நுழையும் இடைவெளி கிடக்கும். கீழே தள்ளிய சூட்டையே விசிறி மறுபடி மேலே இழுக்கும். ஸ்பீட்ஸ்டரின் பின் மூடியிலோ காற்று வரும் கம்பி வலை சின்னது. டர்பனின் ஜனவரி வெயிலில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இருட்டிய பிறகு என்ஜினுக்கு அடியில் ஒரு விளக்கை வைத்து, பின் மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் சூடும் ஏறும்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். கடற்கரைச் சாலையில் நான்கு கிலோமீட்டர் உலா வந்துவிட்டு "ஆகா" என்று சொல்வதற்கல்ல. பைன்டவுன் போய், எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி க்லூஃப் வரை செல்லுங்கள். ஆயில் வெப்பமானி இருந்தால் 100 டிகிரியை ஒட்டி நிற்பது நல்லது. 120-ஐத் தாண்டினால் முன் பத்தியில் சொன்ன இடைவெளிகள் எங்கோ இருக்கின்றன. மேலே போய் நிறுத்தி அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கிறதா, ஆயில் விளக்கு மினுங்குகிறதா என்று கவனியுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது எந்தப் பக்கமாவது இழுத்தாலும் தெரிந்துவிடும். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்காதீர்கள். பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரே மூட்டு உள்ள பழைய அச்சு என்றால், அப்போது சக்கரம் உள்ளே மடிந்து பின்புறம் வெளியே வீசும். நீளம் குறைந்த காரில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சக்கரத்துக்கு இரண்டு மூட்டு உள்ள அச்சு என்றால் அந்தப் பயம் குறைவு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. கண்காட்சிக் கார்களில் டயர் தேயாமலே கிழமாகிவிடும்.

ரோட்வொர்த்தி சான்றிதழை விற்பவர் எடுத்துத் தருவது இங்கே வழக்கம்தான். அது பெயர் மாற்றத்துக்கு 60 நாள் செல்லும். ஆனால் விளக்கு, பிரேக், ஸ்டீயரிங், டயர் இவற்றைப் பார்க்கும் பரிசோதகர் உங்கள் சார்பில் கம்பளத்தைத் தூக்கி வெல்டிங்கை ஆராயப்போவதில்லை. காற்றால் குளிரும் வோக்ஸ்வாகன் என்ஜினிலேயே காலம் கழித்த ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம்.

தனியாரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்று எழுதுவார்கள், உள்ளது உள்ளபடி. தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் ஒழிய, பின்னால் வெளிப்படும் குறைக்கு நீங்கள் எதுவும் கேட்க முடியாது. 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடம் வாங்கினால் துணை நிற்கும். ஒருவர் தன் சொந்தக் காரை ஒரு முறை விற்பதற்கு அது பொருந்தாது. இங்கே மகனுக்கே அந்தக் காரைப் பற்றி அதிகம் தெரியாமல் இருக்கலாம். தெரியாததை அவர் மறைத்தார் என்று எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால்தான் சோதனை எல்லாம் கையெழுத்துக்கு முன்.

மாமா சொல்வதற்கு வருகிறேன். தினமும் வேலைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளியில் விட என்றால் அவர் சொல்வதுதான் சரி. மழைக்கு ஒழுகும், பூட்டு பெயருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைக்கான கார் என்றால் அவரிடம் வாதாடத் தேவையில்லை, அழைத்துப்போய் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுங்கள். உண்மையான போட்டி வேறு இடத்தில் இருக்கிறது. டர்பனிலும் கெபெஹாவிலும் (முன்பு போர்ட் எலிசபெத்) கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல்களைத் தொழிற்சாலையிலேயே கட்டி வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட காருக்குச் சேஸி எண்ணை வைத்து வரலாறு கேட்கலாம். விலை உங்கள் கைக்கு எட்டாமல் போகலாம். ஆனால் கராஜில் கட்டிய காருக்கு விலை பேசும்போது அந்த வரலாறு இதற்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த வரலாற்றில் கொஞ்சமாவது வீட்டில் கிடக்கும். இப்படி ஒரு காரைக் கட்டுகிறவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார். தரைத்தகட்டை வெட்டியபோது எடுத்த படங்கள், இரும்புக் கடை ரசீதுகள், அவர் எழுதிவைத்த நோட்டு ஏதாவது இருக்கிறதா என்று மகனிடம் மரியாதையாகக் கேளுங்கள். அப்பாவின் உழைப்பைக் குறை சொல்ல வந்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. வெட்டிய நிலையில் தரைத்தகட்டின் படம் ஒன்று கிடைத்தால், நான் மேலே எழுதியதில் பாதிச் சந்தேகம் தீரும். ரசீதும் படமும் இருந்து, லிஃப்டிலும் ஜாக்கியிலும் கார் தேறினால், கேட்கும் விலையில் சிறிது குறைத்துக் கொடுத்து வாங்கலாம் என்பது என் கருத்து. வெல்டிங்கும் சட்டமும் உறுதியாக இருந்து, என்ஜின் அடைப்பும் கேபிள்களும் மட்டும் சரியில்லை என்றால், மெக்கானிக் சொல்லும் செலவைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். ஒட்டோ எண்ணோ சரியில்லை என்றால் பேரமே வேண்டாம். தீபாவளி அடுத்த ஆண்டும் வரும். டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்க அம்மாவும் அதுவரை காத்திருப்பார்.

வாங்குவதென்று முடிவானால், உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தை நிர்வாகியே நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அன்றிலிருந்து 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள். பணத்தை மகனின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள். இறந்தவரின் சொத்துக்கென்று நிர்வாகி வங்கியில் தனிக் கணக்கு திறந்திருப்பார். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, வங்கியிலேயே சரிபார்த்து, அதில் மட்டும் செலுத்துங்கள்.